பிள்ளையோடு கடல் கடக்கும் முறை

யாழ்ப்பாணக் கடல்நீரேரிக் கரையான கிளாலியைப் பற்றி எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆண்கள். எந்த முகாம் எந்தத் திகதியில் விழுந்தது, நேவியின் படகு எந்தப் பக்கமிருந்து வந்தது, எதிர்த்துப் போனவர்கள் யார் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அது தேவைதான். ஆனால் 1992, 1993ஆம் ஆண்டுகளில் அந்தக் கரையில் கடல் கடக்க இரவிரவாகக் காத்துக் கிடந்தவர்களில் எத்தனையோ பேர் மடியில் பிள்ளையோடு வந்த பெண்கள். சூப்பிக்கு எப்போது பால் கரைப்பது, வள்ளத்தில் எந்த இடத்தில் குந்துவது, இருட்டில் வீரிடுகிற குழந்தையை எப்படி அமர்த்துவது என்பவை அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் படித்துக்கொண்டவை. அந்தப் படிப்பை யாரும் எழுதிவைத்ததாக நான் காணவில்லை. நான் பூநகரியில் பிறந்து, வன்னிப் பள்ளிக்கூடங்களில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இனியும் பொறுத்திருக்க எனக்கு விருப்பமில்லை.

முதலில் அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவேண்டும். யாழ்ப்பாணக் கடல்நீரேரி ஆழமில்லாதது. பல இடங்களில் ஆள் நின்றால் நெஞ்சளவுகூட வராது. ஆழமில்லாத கடல் பயமில்லாத கடல் என்று வெளியூர்க்காரர் நினைப்பார்கள். காற்றுப் பிடித்தால் அந்த ஆழமில்லாத தண்ணீரில்தான் குட்டைக் குட்டையாக, மூச்சு விட இடைவெளி தராமல் அலை எழும்பும். பெருங்கடல் அலை வள்ளத்தைத் தூக்கி இறக்கும். நீரேரி அலை போட்டு உலுப்பும். சோளகம் பெயர்ந்த மாதங்களில் ஒரு மாதிரி, மாரியில் வாடை அடிக்கும்போது இன்னொரு மாதிரி. இரண்டிலும் பிள்ளைகள் சத்தியெடுக்கும்.

இதைக் கடப்பது புதிய விசயமில்லை. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் பூநகரிப் பகுதியில் செய்த ஆய்வுகளில் பிராமி எழுத்துள்ள மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அக்கரையோடும் அதற்கு அப்பாலும் எங்கள் மண்ணுக்குப் போக்குவரத்து இருந்ததற்கு அவை சாட்சி. போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினார்கள், ஒல்லாந்தர் அதைப் பெருப்பித்தார்கள். வன்னிச் சிற்றரசர்களான வன்னியர்கள் அவர்களுக்கு யானைகளாகத் திறை கட்டினார்கள். காட்டில் பிடிபட்ட யானைகளை ஆனையிறவில் தண்ணீரில் இறக்கி நடத்திக் குடாநாட்டுக்குக் கொண்டுபோய், கப்பலேற்றி, வங்காளத்துக்கும் கோல்கொண்டாவுக்கும் விற்றார்கள். வன்னியிலிருந்து குடும்பத்தோடு கப்பலேறின முதல் ஆட்கள் யானைகள்தான் என்று வகுப்பில் சொல்வேன். பிள்ளைகள் சிரிக்கும். குட்டி யானையைத் தாயோடு விட்டிருப்பார்களா, ரீச்சர், என்று ஒரு பிள்ளை கேட்டது. அதற்குப் பிறகு அந்தப் பகிடியை நான் சொல்வதில்லை.

என் சின்ன வயதில், 1950களின் கடைசியிலும் 60களிலும், கடல் கடப்பதென்றால் சங்குப்பிட்டிப் பாதைதான். பூநகரிப் பக்கம் சங்குப்பிட்டி, தென்மராட்சிப் பக்கம் கேரதீவு, இடையில் வாகனமும் ஆட்களும் ஏறுகிற தட்டையான மிதவைப் பாதை. அம்மா சாவகச்சேரிக்காரி. அப்பா பூநகரியில் வாத்தியார். பள்ளிக்கூட விடுதலை விட்ட மறுநாள் அம்மாவின் பயணம் தொடங்கும். போகும்போது மொட்டைக்கறுப்பன் அரிசி மூட்டை. வரும்போது கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் புழுக்கொடியலும் பனாட்டும். இரண்டு பயணத்துக்கும் பொதுவான சாமான் நாங்கள், வயது வித்தியாசம் அதிகமில்லாத பிள்ளைகள்.

அம்மாவிடம் அதற்கொரு சட்டதிட்டம் இருந்தது. வெளிக்கிடுகிற அன்று காலையில் பால் கிடையாது. பாணோ ரொட்டியோ வெறுமையாகத் தின்னவேண்டும், அதுவும் அரை வயிறு. ஆளுக்கொரு தேசிக்காய், கசக்கி மணக்க. மூத்ததுகள் இளையதுகளின் கையைப் பிடிக்கக்கூடாது, மணிக்கட்டைப் பிடிக்கவேண்டும். கை வியர்த்தால் வழுக்கும், மணிக்கட்டு வழுக்காது. கடைக்குட்டியின் இடுப்பில் பழைய சேலைக் கிழிசல் கட்டி மறுநுனியைத் தன் கையில் சுற்றியிருப்பா. "தண்ணியைப் பாராதை, கரையைப் பார்" என்பது எல்லாவற்றுக்கும் மேலான கட்டளை. அலையைப் பார்த்தால் தலை சுற்றும், அசையாத ஒன்றைப் பார்த்தால் சுற்றாது என்பதை நான் பின்னாளில் புத்தகத்தில் படித்துத்தான் விளங்கிக்கொண்டேன். அம்மாவுக்கு அவவின் அம்மா சொன்னது. மடுத் திருவிழாவுக்கு அந்த வழியாலே போன கத்தோலிக்கக் குடும்பங்களும் இதையேதான் செய்தன, தேசிக்காயோடு ஒரு செபமாலையும் சேரும்.

உண்மையான கப்பல் என்றால் அது தலைமன்னாரில் நின்றது. 1914இல் தொடங்கிய தனுஷ்கோடிச் சேவை, 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பிறகு இராமேஸ்வரத்துக்கு மாறி, 1980களில் சண்டை தொடங்கும் வரைக்கும் ஓடியது. எங்கள் அயலில் ஒரு குடும்பம் பிள்ளைக்கு முடியிறக்க அதில் போய் வந்து, ஆறு மாதம் அந்தக் கதையையே சொல்லித் திரிந்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு அதே வழியால் வந்த குடும்பங்களும், இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அதே வழியால் திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களும் அப்படிக் கதை சொல்லித் திரிந்திருக்காது. அவர்களில் போக மனமில்லாத எத்தனையோ பேர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் வந்து காடு வெட்டிக் குடியிருந்தார்கள். என் வகுப்புகளில் அவர்களின் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள்.

1990 யூனில் ஆமிக்கும் புலிகளுக்கும் சண்டை திரும்பத் தொடங்கியதும் ஆனையிறவு றோட்டும் யாழ்தேவி ரயிலும் நின்றன. சங்குப்பிட்டியால் போய்வந்தோம். 1991இல் பூநகரிக்கு ஆமி வந்து முகாம் போட்டதோடு அதுவும் அடைபட்டது. நாங்களும் ஊரை விட்டு அக்கராயன் பக்கம் போனோம். பிறகு சனம் ஆனையிறவுக்குக் கிழக்கே கொம்படி–ஊரியான் வழியைப் பிடித்தது. அது வழி என்று சொல்லக்கூடிய ஒன்றல்ல, சேறும் தண்ணீரும். சைக்கிளைத் தோளில் வைத்தவர்களையும், சைக்கிளில் கிழவியை வைத்து உருட்டினவர்களையும் கண்டேன். பிள்ளையைக் கழுத்தில் ஏற்றினால் சேற்றில் கால் புதையும்போது இரண்டு பேரும் விழுவார்கள். முதுகில் சேலையால் கட்டினால் விழமாட்டார்கள். அதுவும் நெடுங்காலம் நிலைக்கவில்லை. மிஞ்சியது கிளாலி.

கிளாலி பச்சிலைப்பள்ளியில் இருக்கிறது. எதிர்க்கரையில் வள்ளம் முட்டுகிற நல்லூர், ஆலங்கேணி எல்லாம் பூநகரிப் பிரிவு. இரண்டு கரையும் 1984இல் பிரித்த கிளிநொச்சி மாவட்டத்துக்குள்தான் வருகின்றன. ஒரே மாவட்டத்துக்குள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போக உயிரைப் பணயம் வைத்த சனம் வேறெங்கும் இருந்திருக்குமோ தெரியாது. நீரேரியைப் பயணத் தடை வலயம் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. நாகதேவன்துறையில் நேவி இருந்தது. ஆகவே பயணம் இரவில், வெளிச்சமில்லாமல்.

முதலில் துண்டு எடுக்கவேண்டும். புலிகள் இயக்கத்தின் பாஸ், அதற்குமேல் வள்ளத்துக்கான இலக்கம். பிறகு காத்திருப்பு. கிளாலிப் பக்கமென்றால் தென்னங்காணிகளுக்குள், நல்லூர்ப் பக்கமென்றால் வெட்டைவெளியில். சில இரவு கடல் சரியில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். நிலவு காலமென்றால் இன்னும் பயம், தூரத்திலிருந்தே வள்ளம் தெரியும். புதிதாக வந்தவர்கள் அந்திக்குப் பிள்ளைக்குச் சோறு தீத்தி நித்திரையாக்கிவிடுவார்கள். பழகினவர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள். அந்தியில் படுத்த பிள்ளை நடு இரவில், சரியாக வள்ளம் தள்ளுகிற நேரத்தில் எழும்பும். பகல் முழுக்க ஓடவிட்டு, இருட்டிய பிறகும் கதை சொல்லி இழுத்து, இலக்கம் கூப்பிடப் போகிற நேரம்பார்த்து மடியில் சரிப்பதுதான் கெட்டித்தனம். என் மகளுக்கு அப்போது ஐந்து வயது, மகன் கைக்குழந்தை. நான் அதைப் படித்தது நல்லூர்க் கரையில் பக்கத்தில் இருந்த ஒரு மனுசியிடம். அவ முல்லைத்தீவுக்காரி, கடலோடு வளர்ந்தவ. என் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "இப்பவே படுக்கப் போட்டால் கடலுக்கை எழும்பிக் கத்துவினம் தங்கச்சி, இன்னும் கொஞ்சம் ஓடவிடு" என்றா.

இருமல் பாணி கொடுப்பவர்களும் இருந்தார்கள். பிரிற்றோன் (Piriton) பாணி குடித்தால் பிள்ளைக்கு நித்திரை வரும். டொக்டர்மார் பேசுவார்கள், மருந்துக்கும் தட்டுப்பாடு. ஆனாலும் அரைக் கரண்டி பாணியைக் கடதாசியால் மூடின குட்டிப் போத்தலில் கொண்டுவந்து அடுத்த பெண்ணுக்கும் பங்கு கொடுத்ததைக் கண்டிருக்கிறேன். சரி பிழை சொல்ல நான் ஆளில்லை. ஒரு பிள்ளையின் அழுகைச் சத்தம் தண்ணீருக்கு மேலால் எவ்வளவு தூரம் போகும் என்பது அந்த இருட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

இயந்திரம் பூட்டிய வள்ளம் ஒன்று முன்னுக்கு. அதன் பின்னால் இயந்திரமில்லாத வள்ளங்களைக் கயிற்றால் தொடுத்துக் கட்டுவார்கள். பெற்றோலுக்குத் தடை, மண்ணெண்ணெயும் அருமை, ஆகவே ஒரு இயந்திரம் பலவற்றை இழுத்தது. கரையில் தண்ணீர் குறைவானதால் வள்ளம் முட்டாது. முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் ஏறவேண்டும். அங்கேதான் முதல் குழப்பம். தாய் முதலில் ஏறினால் பிள்ளையை யார் தூக்கித் தருவது, பிள்ளையை முதலில் ஏற்றினால் அது இருட்டில் அந்நிய ஆட்களுக்கிடையில் கத்தாதா? ஓட்டிகளே இதற்கு வழி கண்டார்கள். "அக்கா, நீங்கள் ஏறுங்கோ, பிள்ளை என்னட்டை இருக்கட்டும்" என்று வாங்கி, தாய் குந்தினவுடன் மடியில் வைப்பார்கள். எத்தனை நூறு பிள்ளைகள் அந்தக் கைகளால் போனதென்று ஒருவரும் எண்ணவில்லை.

உள்ளே குந்துவதற்கும் இடம் பார்க்கவேண்டும். அணியத்தில் இருந்தால் தண்ணீர் அள்ளி அடிக்கும், எழும்பி எழும்பி விழும். இயந்திர வள்ளமென்றால் பின்பக்கம் புகை. நடுவில் இருந்தால் ஆட்டம் குறைவு, ஆனால் ஆட்கள் நெருக்குவதில் பிள்ளைக்கு மூச்சு முட்டும். நடுவுக்குக் கொஞ்சம் பின்னே, காற்றடிக்காத பக்கம் என்பது அனுபவப்பட்டவர்களின் இடம். மிதப்புச் சட்டை என்று ஒன்றை அந்தக் கரையில் நான் கண்டதேயில்லை. மூடி இறுக்கின வெறும் பிளாஸ்ரிக் கான்களைப் பிள்ளையின் கக்கத்துக்குக் கீழே கட்டினார்கள். பெரிய பிள்ளைகளின் சட்டைக்குள், முழுப்பெயரும் தகப்பன் பெயரும் இரண்டு கரையிலும் உள்ள சொந்தக்காரரின் விலாசமும் எழுதிய கடதாசியைச் சொப்பிங் பையில் சுற்றி ஊசி குத்தினார்கள். சுடுதண்ணிப் போத்தலில் பால் கரைத்துக் கொண்டுபோனால் பழுதாகிவிடும். பால்மாவை வேறாக, ஆறின சுடுதண்ணீரை வேறாகக் கொண்டுபோய், அக்கரையில் இறங்கிய பிறகே கரைக்கவேண்டும்.

1993 ஜனவரி 2 இரவு பயணிகள் வந்த வள்ளங்களை நேவி தாக்கியது. கரைக்கு வந்த உடல்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். பயணம் அதோடு நின்றுவிடவில்லை, நின்றிருக்கவும் முடியாது. ஆஸ்பத்திரி, பென்சன், கலியாணம், கொழும்பில் விசா எல்லாம் அக்கரையில்தான் இருந்தன. மாறியது பெண்களின் கணக்கு. அதற்குப் பிறகு சில தாய்மார் பிள்ளைகளைப் பிரித்து ஏற்றத் தொடங்கினார்கள்: ஒன்று தன்னோடு, மற்றது சித்தியோடு வேறு வள்ளத்தில். ஒரு வள்ளம் போனால் மற்றதாவது மிஞ்சும். இன்னும் சிலர், போனால் எல்லாரும் ஒன்றாகப் போவோம் என்று ஒரே வள்ளத்தில் நெருங்கியிருந்தார்கள். இதை வைத்துத் தென்னைகளுக்குக் கீழே பெரிய வாக்குவாதங்கள் நடந்தன. பிரிப்பவள் நெஞ்சில்லாதவள் என்று ஒருத்தி, பிரிக்காதவள் மூளையில்லாதவள் என்று மற்றவள். நான் பிரிக்கவில்லை. பிரித்தவர்களைக் குறைசொல்லவும் மாட்டேன். அந்த வாக்குவாதத்தில் எந்த மருத்துவரும் தளபதியும் எழுத்தாளரும் பங்கெடுக்கவில்லை. இரண்டு பக்கமும் தாய்மார்தான் பேசினார்கள்.

கிளாலி யாகப்பர் கோவிலில் மெழுகுதிரி கொளுத்தாத சைவர்கள் குறைவு. ஏறும்போது ஒரு நேர்த்தி, இறங்கும்போது அதைத் தீர்க்கிற அவசரம். வன்னிக் கரையில் இறங்கியதும் உழவு மிசின் பெட்டிகளும், மண்ணெண்ணெயில் ஓடிய பழைய ஏ40, மொறிஸ் மைனர் கார்களும் பரந்தன் போக நின்றன. எஞ்சினைத் தொடக்கச் சில துளி பெற்றோல் வேண்டும். அதற்கு முன்பக்கத்தில் சேலைன் போத்தலைத் தொங்கவிட்டிருப்பார்கள். காருக்கும் ஆஸ்பத்திரியில் ஏற்றுவதுபோல் மருந்து ஏற்றுகிறார்கள் என்று என் மகள் நினைத்தாள். அவளுக்குக் கிளாலிப் பயணத்தில் நினைவிருப்பது அது ஒன்றுதான்.

1995 ஒக்ரோபர் 30, ஆமி நெருங்க வலிகாமத்துச் சனம் வெளிக்கிட்ட பிறகு கிளாலி வேறு அளவுக்குப் போனது. மாரி பெய்து ஊற்றியது. தென்மராட்சியில் ஒதுங்க இடமில்லாத குடும்பங்கள், 1996 ஏப்ரலில் ஆமி தென்மராட்சிக்குள் வரும் வரைக்கும் கடந்துகொண்டேயிருந்தன. ஒரு பயணம் போய்த் திரும்புகிறவர்களின் பக்குவம் அவர்களிடம் இருக்கவில்லை. வீட்டையே தூக்கிக்கொண்டு வந்தவர்கள். பெட்டி, தையல் மெசின், கிடுகு, ஆடு, இடையில் பிள்ளை. நாங்கள் அக்கராயனில் வகுப்பறை வாங்குகளைக் கூட்டிப் போட்டுப் படுக்கை செய்து கொடுத்தோம். வந்த பிள்ளைகளில் பலர் அந்த வருடம் மலேரியாவில் கிடந்தார்கள். கடலில் தப்பிய பிள்ளையை நுளம்பு கொண்டுபோன வீடுகள் உண்டு.

வன்னிப் பிள்ளைகள் கூட்டமாகக் கப்பல் ஏறியது 2009இல், கடைசிச் சண்டையில். அதைப் பற்றி நீட்டமாட்டேன். பெப்ரவரி 10 தொடக்கம் மே 9 வரை, புதுமாத்தளன், பிறகு முள்ளிவாய்க்கால் கரைகளிலிருந்து காயக்காரரையும் நோயாளிகளையும் அவர்களோடு நின்றவர்களையும் செஞ்சிலுவைக் குழு கடல்வழியாகத் திருகோணமலைக்கும் பிறகு புல்மோட்டைக்கும் எடுத்தது, 13,000க்கும் மேற்பட்டவர்கள். கப்பல் கரைக்கு வரமுடியாது. மீன்பிடி வள்ளங்களில் ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பலில் மாற்றினார்கள். காயப்பட்ட பிள்ளையோடு ஒருவர்தான் போகலாம் என்ற நிலையில், மற்றப் பிள்ளைகளை யாரிடம் விடுவது என்ற கேள்வி எழுந்தது. கிளாலியில் தாய்மார் தாங்களாகப் பிரித்தார்கள் அல்லது பிரிக்கவில்லை. புதுமாத்தளனில் அந்தத் தெரிவு அவர்கள் கையில் இருக்கவில்லை.

2011 ஜனவரி 16 சங்குப்பிட்டிப் பாலம் திறந்தார்கள். 288 மீற்றர். பஸ்ஸில் போனால் பிள்ளை ஒரு பிஸ்கற்றைத் தின்று முடிக்குமுன் அக்கரை வந்துவிடும். பாலத்தை நான் குறைசொல்ல மாட்டேன், பாதைக் காலத்தின் அழகைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் மாரியில் கைக்குழந்தையோடு அதில் நின்றிருக்கவேண்டும். ஆனாலும் கடல் கடக்கிற பிள்ளைகள் எங்கள் மாவட்டத்தில் இல்லாமல் போகவில்லை. 1992இல் இரணைதீவிலிருந்து எழுப்பப்பட்ட குடும்பங்கள் முழங்காவிலுக்குக் கிட்ட இரணைமாதா நகரில் கால் நூற்றாண்டு இருந்துவிட்டு, ஒரு வருடம் அளவில் போராட்டம் நடத்திப் பார்த்து, 2018 ஏப்ரல் 23 தங்கள் வள்ளங்களிலேயே ஏறித் தீவுக்குத் திரும்பின. அந்தப் பெண்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள். போகும்போது பிள்ளைகளைக் கொண்டுபோனீர்களா என்று கேட்டேன். "பிள்ளையள் இல்லாமல் போனால் வீட்டுக்குப் போனமெண்டு ஆர் ரீச்சர் நம்புவினம்?" என்றாள் ஒருத்தி.

2023 யூனில் காங்கேசன்துறைக்குச் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் வந்தது, 'எம்பிரஸ்'. ஒக்ரோபரில் நாகபட்டினத்துக்கும் கப்பல் விட்டார்கள். கிளிநொச்சியிலிருந்து வான் பிடித்துக் குடும்பம் குடும்பமாகப் போய்ப் படமெடுத்தார்கள். அதே வருடக் கோடையில் ரொறொன்ரோவில் இருக்கும் என் மகள் தன் இரண்டு பிள்ளைகளோடு கரிபியன் கடலுக்குக் கப்பல் சுற்றுலா போக ஆயத்தப்படுத்தினாள். அப்படியான கப்பல் கம்பனிகள் பல ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையை ஏற்றுவதில்லையாம். ஏறினவுடன் ஆபத்து வந்தால் எங்கே கூடுவது என்று எல்லாருக்கும் காட்டவேண்டுமாம். 1912இல் 'டைட்டானிக்' தாண்ட பிறகு, 1914இல் நாடுகள் கூடி எழுதிய உடன்படிக்கையிலிருந்து வளர்ந்த வழக்கம் அது. பிள்ளைகளின் கையில், எந்தக் கூடுமிடம் என்று எழுதிய பட்டி கட்டிவிடுவார்களாம். சட்டைக்குள் ஊசி குத்தின கடதாசியைப் பற்றி மகளுக்குச் சொன்னேன். "எனக்கும் குத்தினீங்களோ?" என்றாள். குத்தினேன், ஊசி குத்துகிறது என்று நல்லூர்க் கரை முழுக்கக் கேட்க அழுதவள் அவள்தான்.

பிறகு அவள் கேட்டது முழுக்க நடைமுறைக் கேள்வி: சின்னவன் காரிலேயே சத்தியெடுக்கிறவன், என்ன செய்யலாம்? காலையில் பால் குடுக்காதை, ஆளுக்கொரு தேசிக்காய் வைத்திரு, தண்ணியைப் பார்க்க விடாதை, நடுவுக்குக் கொஞ்சம் பின்னே இடம் பார்த்து இரு என்று வரிசையாகச் சொன்னேன். கப்பலுக்குப் பதினாறு மாடியாம். எந்த மாடியில் நடு, அம்மா, என்று கேட்டாள். கீழ் மாடி எடு, உயரத்தில் ஆட்டம் கூட என்றேன். கீழ் மாடி அறைக்கு யன்னல் இல்லையாம், அதுதான் விலை மலிவாம். மலிவென்றால் அதையே எடு பிள்ளை, படுக்கத்தானே அறை. கரையைப் பார்க்கவேண்டுமென்றால் மேலே கூட்டிக்கொண்டு போ என்றேன்.